விற்கும்போது ஒரு கண், வாங்கும்போது ஒரு கண்

பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்பவன் நான். குடும்பச் செலவில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. வாங்கும்போது தட்டின் தரத்தை உள்ளதைவிடக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். விற்கும்போது உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. ஒரு தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலே அது எங்கே கரகரக்கும், எங்கே குதிக்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். அந்தத் தேர்ச்சி இருந்ததால்தான் இத்தனை காலம் பிடிபடாமல் செய்ய முடிந்தது.

வெளியாட்களுக்கு இந்தத் தொழிலின் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 'கோல்டுமைன்' என்று சேகரிப்பாளர்களுக்கான பத்திரிகை ஒன்று உண்டு. அது வகுத்த படிநிலையைத்தான் பல நாடுகளிலும் பழைய தட்டு வியாபாரிகள் பின்பற்றுகிறார்கள். உச்சியில் மின்ட். அதற்குக் கீழே நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட், கடைசியில் புவர். நாங்கள் என்.எம்., வி.ஜி. பிளஸ், வி.ஜி. என்று சுருக்கிச் சொல்வோம். நியர் மின்ட் தட்டு 1000 ரூபாய்க்குப் போகும் என்றால் அதே தட்டு வி.ஜி. பிளஸ் நிலையில் 500, வி.ஜி. நிலையில் 250, குட் என்றால் 100 அல்லது 150. ஒரு படி ஏற்றிச் சொன்னால் விலை இரண்டு மடங்கு, ஒரு படி இறக்கிச் சொன்னால் பாதி. நகைக்கு உரைகல் இருக்கிறது, தட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. பார்க்கிறவன் வாயில் வருவதுதான் தரம். அந்த வாய் இத்தனை ஆண்டுகள் என் வாயாக இருந்தது.

தட்டு பார்க்க முதலில் வேண்டியது வெளிச்சம். டியூப் லைட்டின் ஒளி பரவி விழுவதால் அதன் கீழே எந்தத் தட்டும் பளபளவென்று தெரியும், மயிரிழைக் கீறல்கள் மறைந்துகொள்ளும். ஒற்றை பல்பின் கீழோ வெயிலிலோ சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்பினால் அத்தனை கீறலும் எழுந்து வரும். சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அங்கிருந்த கடைக்காரர்கள் பலர் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு பாய்தான் எனக்குத் தட்டு பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். யார் எந்தத் தட்டை எடுத்தாலும், "வெளிய எடுத்துட்டுப் போய் வெயில்ல பாருப்பா, அப்புறம் வந்து விலை பேசு" என்பார். தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவரிடம் கற்ற வித்தையை நான் பாதி மட்டும் எடுத்துக்கொண்டேன். தட்டு வைத்திருக்கும் அறையில் கழுத்து வளைகிற மேசை விளக்கு ஒன்றும் கூரையில் டியூப் லைட் ஒன்றும் இருக்கின்றன. யாராவது விற்க வந்தால் மேசை விளக்கைப் போடுவேன். யாராவது வாங்க வந்தால் டியூப் லைட்டைப் போடுவேன். வெளியூர்க்காரர்களுக்குக் கைப்பேசியில் படம் அனுப்பும்போது இன்னும் மோசம். ஈரத்துணியால் துடைத்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துவிடுவேன். ஈரம் கீறலை நிரப்பிக்கொள்ளும். படத்தில் தட்டு கறுப்புக் கண்ணாடி மாதிரி இருக்கும்.

கீறல் ஒன்று என்ன செய்யும் என்பதை நான் எப்போதும் கணக்காகவே அறிந்திருந்தேன். எல்.பி. தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுற்றும். ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடினால் 730 சுற்றுக்கு மேல் வரும். அத்தனையும் வரிகளாக எட்டு எட்டரை சென்டிமீட்டர் அகலத்துக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஆழமான கீறல் விழுந்திருந்தால், அது எண்பதுக்கு மேற்பட்ட வரிகளை வெட்டியிருக்கும். கேட்கிறவர் இரண்டரை நிமிடத்துக்கு, 1.8 நொடிக்கு ஒரு தரம், 'டக்' என்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பாட்டில் பாதி போய்விடும். விரல் நுனியை வைத்து மெல்லத் தடவும்போது கீறல் தட்டுப்பட்டால் ஊசிக்கும் தட்டுப்படும், அவ்வளவுதான் சோதனை. விரலில் தட்டுப்பட்ட கீறல்களை "மேலாக ஒரு கோடு, பாட்டில் கேட்காது" என்று எழுதி விற்றிருக்கிறேன்.

கீறலாவது கண்ணுக்குத் தெரியும். தேய்மானம் தெரியாது. ஒரு கீறல்கூட இல்லாமல் தேய்ந்தே செத்துப்போன தட்டுகள் உண்டு, நம் ஊரில் அவைதான் அதிகம். எழுபதுகளில் வீடுகளில் இருந்த எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற சின்ன பிளேயர்களில் ஊசியைத் தாங்கும் பாகம் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான். ஊசி ஐந்து கிராமோ அதற்கு மேலோ பாரத்தோடு தட்டில் உட்காரும். இன்றைய காந்த கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராம் அளவில் ஓடுகிறது. பாரம் மட்டும் இருந்தால் தாங்கும். தேய்ந்த ஊசியை மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டினால் ஊசியின் முனை உளியாகிவிடும். முதலில் போவது உச்சக் குரல்கள். சுசீலாவும் ஜானகியும் மேலே ஏறும் இடங்கள், நாதஸ்வரம், வயலின் கூட்டம், 'ச'கரமும் 'ஸ'கரமும் வரும் சொற்கள் எல்லாம் கிழிந்து ஒலிக்கும். அதிலும் உள் வரிகள்தான் முதல் பலி. தட்டின் விளிம்பில் ஊசியின் கீழ் நொடிக்கு 50 சென்டிமீட்டர் வரி ஓடுகிறது. நடுவுக்கு வரும்போது அது 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே சுருங்கிவிடுகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்துக்குள் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது, அதனால் தேய்மானம் அங்கே முதலில் காதில் விழும்.

இது தெரிந்தவன் தட்டைச் சோதிக்க வேண்டியது கடைசிப் பாட்டில். நான் முதல் பாட்டின் முதல் சில வரிகளை மட்டும் ஓட்டிவிட்டு "ஓட்டிப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அப்படி எழுதிக்கொண்டதால் பொய் சொன்ன உறுத்தல் வரவில்லை.

அந்த உறுத்தல் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவரிடமிருந்து வந்தது. வேலைக்குச் சேர்ந்து சேர்த்த பணத்தில் நல்ல டர்ன்டேபிள் ஒன்று வாங்கியிருந்தார். அவருக்கு எண்பதுகளின் எக்கோ வெளியீடான இளையராஜா எல்.பி. ஒன்றை நியர் மின்ட் என்று விற்றேன். லேபிளில் நடு ஓட்டையைச் சுற்றி பிளேயரின் நடுக்கோல் உரசிய தடங்கள் சிலந்தி வலையாகப் பரவியிருந்தன. எத்தனை முறை இருட்டில் தடவி மாட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கோல்டுமைன் கணக்கில் அது வி.ஜி., தாராளமாகப் பார்த்தால் வி.ஜி. பிளஸ். லேபிளைப் படம் எடுக்காமல் விட்டேன்.

தட்டு போய்ச் சேர்ந்த அன்றே கூப்பிட்டார். "அண்ணா, ரெண்டு பக்கமும் கடைசிப் பாட்டுல வாய்ஸ் கிழியுது. என் செட்ல ஏதாச்சும் தப்பா இருக்குமாண்ணா?" என்றார். என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லித் தட்டைத் திரும்ப வாங்கியிருக்கலாம். நான் சொன்னது: "ஊசி கோணம் சரியா இல்லேன்னா உள் வரியில அப்படித்தான் வரும் தம்பி, செட் பண்ணிப் பாருங்க." இதுவும் உண்மைதான். கோணம் பிசகிய ஊசி உள் வரிகளில் அப்படித்தான் கிழிக்கும். தேய்ந்த தட்டும் கோணல் ஊசியும் காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியாது. அவர் அளவுத்தாள் வாங்கிக் கோணம் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மறுபடி கூப்பிட்டார். ஊசி பழசாகியிருக்கலாம் என்றேன். அடுத்த மாதச் சம்பளத்தில் புது ஊசி வாங்கினார். தட்டின் விலையைவிட ஊசியின் விலை அதிகம். புது ஊசியிலும் கிழிந்தது. அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. "எனக்குத்தான் காது சரியில்லை போல அண்ணா" என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

தட்டை நான் ஏமாற்றி விற்றேன், அது பணம். நன்றாகக் கேட்கத் தெரிந்த ஒரு பையனைத் தன் காதையே நம்பாமல் செய்தேன். இரண்டும் ஒன்றல்ல என்று அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்த இரவு புரிந்தது. புரிந்த பின்னும் உடனே ஒன்றும் செய்யவில்லை.

அரக்குத் தட்டு விவகாரம் ஒன்றும் உண்டு. 78 சுற்றுத் தட்டுகள் அரக்கு கலந்து செய்தவை. வளையாது, உடையும். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தட்டு ஒன்றில் விளிம்பிலிருந்து உள்ளே மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. விரலால் சுண்டினால் நல்ல தட்டு கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது மொத்தென்று சொல்லும். சுண்டிப் பார்த்தேன், தெரிந்தது, சொல்லாமல் அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி அனுப்பினேன். இரண்டாக உடைந்து போய்ச் சேர்ந்தது. "பார்சல்காரர்கள் போட்டிருப்பார்கள்" என்றேன். வாங்கிய பெரியவர் அவர்களோடு சண்டை போட்டிருக்கிறார்.

இவையெல்லாம் விற்கும்போது செய்தவை. என்னை அதிகம் குறுக வைப்பது வாங்கும்போது செய்தது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் சவுண்ட் சர்வீஸ் நடத்திய அண்ணாச்சி ஒருவர் கடையை மூடிவிட்டார், தட்டுகள் கிடக்கின்றன என்று தெரிந்து போனேன். குழாய் ஸ்பீக்கர், ஆம்பிளிஃபயர் எல்லாம் ஏற்கெனவே இரும்புக் கடைக்குப் போயிருந்தன. தட்டுகளை மட்டும் மரப்பெட்டிகளில் நிறுத்தி வைத்திருந்தார். படுக்கப் போட்டு அடுக்கினால் வளைந்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டியபடி தரம் சொன்னார். அப்படித் தரம் சொல்லி நான் யாரிடமும் கேட்டதில்லை. எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஈ.பி.யை எடுத்து, "இது கொடைக்குக் கொடை ஓடுனது. இதுல இப்ப அம்மனும் இல்ல, ஈஸ்வரியும் இல்ல" என்றார். டி.எம்.எஸ்.சின் முருகன் பாடல் எல்.பி.யைக் காட்டி, "இத ஒரு கல்யாண வீட்டுல எழுபத்தெட்டு ஊசியப் போட்டு ஓட்டிட்டான் பய. ரெண்டாம் பக்கம் பூராப் போச்சு" என்றார். அந்தக் காலத்து கார்ட்ரிட்ஜில் ஒரு புறம் 78-க்கும் மறுபுறம் எல்.பி.க்கும் ஊசி இருக்கும், திருப்பிவிட்டுக்கொள்ள வேண்டும். 78 ஊசியின் முனை ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். அது எல்.பி. வரியில் இறங்கினால் வரியின் மேல்விளிம்பை இடித்துத் தள்ளிக்கொண்டே போகும். அண்ணாச்சிக்கு எந்தத் தட்டில், எந்த ஊரில், யார் கையால் அது நடந்தது என்பது வரை நினைவிருந்தது. எந்தத் தட்டு எந்த ஊசி மாற்றிய பிறகு வாங்கியது என்று ஒரு நோட்டும் வைத்திருந்தார். கடைசியில் தனியாக ஒரு துணிப்பையைக் கொண்டு வந்தார். "இது ஊர்ல ஓட்டாதது. எம் பொண்ணுக்குன்னு வாங்கி வீட்டுப் பெட்டியில மட்டும் போட்டது. இத நல்லாப் பாத்து எடுத்துக்கங்க" என்றார்.

பையில் இருந்தவற்றை ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். பெரும்பாலும் நியர் மின்ட். எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் நடுவரை வந்த படங்கள், சேகரிப்பவர்கள் தேடி அலைகிற வகை. உறைகளில் ஓரம் கிழிந்திருந்தது, பெண்ணின் பெயர் மையால் எழுதியிருந்தது. தட்டில் ஒன்றுமில்லை.

நான் உதட்டைப் பிதுக்கினேன். "கவர் போச்சே அண்ணாச்சி, பேர் வேற எழுதியிருக்கு. இப்பல்லாம் இது போகாது" என்றேன். அவர் தாமாக ஒத்துக்கொண்ட தேய்மானம் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி, நீங்களே சொல்கிறீர்களே என்றேன். மொத்தப் பெட்டிக்கும் தட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்தேன். ஈஸ்வரியின் செத்த ஈ.பி.க்கும் துணிப்பைத் தட்டுக்கும் ஒரே விலை. "நீங்க பாத்துப் போட்டுக் குடுங்க தம்பி" என்றார். பார்த்துத்தான் கொடுத்தேன், எனக்கு ஆக வேண்டியதைப் பார்த்து. துணிப்பைத் தட்டுகள் நியர் மின்ட் விலைக்கு அந்த வருடத்துக்குள் விற்றுப்போயின. அப்போது உறையும் மையும் ஒரு குறையாக எனக்குப் படவில்லை. "ஒரே வீட்டில் இருந்தது, முதல் கைத் தட்டு" என்று அவற்றையே மதிப்பாக எழுதினேன்.

நான் செய்தது ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வறுமை என்று சொல்ல முடியாது. தட்டு மேல் உள்ள ஆசையும் காரணமாகச் சொல்லப் போதாது, ஆசைப்பட்டவன் அண்ணாச்சிதான். உண்மையில் காரணம் சின்னது. வாங்கும்போது சொன்ன தரத்தை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. வாயால் சொன்னது காற்றில் போயிற்று, விற்கும்போது புதிதாக ஒன்றைச் சொன்னேன். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலைமை எனக்கு வரவே இல்லை.

இப்போது தட்டு வாங்கும்போதே விற்பவர் முன்னால் ஒரு சீட்டில் தரத்தை எழுதுகிறேன். மேசை விளக்கில் பார்த்தது, கடைசிப் பாட்டில் கேட்டது, லேபிள் தடம், விரிசல், பூஞ்சை, பிளாஸ்டிக் உறை ஒட்டிப் படிந்த மங்கல், எல்லாம். பூஞ்சை கழுவினால் போகும், அந்த மங்கல் போகாது. இரண்டையும் 'அழுக்கு' என்று ஒரே சொல்லில் முன்பு மூடியிருக்கிறேன், இப்போது தனித்தனியாக எழுதுகிறேன். விற்பவர் அதில் கையெழுத்துப் போடுவார். அதே சீட்டு, ஓர் எழுத்தும் மாறாமல், தட்டோடு வாங்குபவருக்குப் போகும். குறைத்து எழுதினால் விற்கும்போது நான் நஷ்டப்பட வேண்டும், கூட்டி எழுதினால் வாங்கும்போதே அதற்கான விலை கொடுக்க வேண்டும். லாபம் நன்றாகவே குறைந்துவிட்டது. மற்றவர்கள் என்.எம். என்று போடுகிற தட்டை நான் வி.ஜி. பிளஸ் என்று போடுவதால் என்னிடம் சரக்கு மட்டம் என்று பேச்சும் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய தட்டைச் சாய்த்துப் பார்க்கும்போது இன்னமும் மனம் ஒரு படி மேலே போட்டுத்தான் சொல்கிறது. சீட்டு இல்லாவிட்டால் மறுபடி செய்வேன் என்றே நினைக்கிறேன்.

கோயம்புத்தூர்த் தம்பியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். உங்கள் காது சரியாகத்தான் இருந்தது, தட்டுதான் தேய்ந்தது, எனக்குத் தெரியும் என்றேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. "சரிங்ணா" என்றார். தட்டின் விலையும் ஊசியின் விலையும் அனுப்பினேன். வாங்கிக்கொண்டார், என்னிடம் அதற்குப் பிறகு எதுவும் வாங்கவில்லை. அண்ணாச்சிக்குத் துணிப்பைத் தட்டுகளைப் பெயர் பெயராக எழுதி, விற்ற விலையில் என் கூலி போக மிச்சத்தைக் கணக்குப் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தார். "பொண்ணு பையில இன்னும் ரெண்டு இருந்துச்சே தம்பி, அது எங்க?" என்றார். அவர் சொன்ன பெயர்கள் சரி. நான் விட்டிருந்தேன். அதற்கும் சேர்த்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

நாதஸ்வரத் தட்டு வாங்கிய பெரியவரின் தொலைபேசி எண் இப்போது புழக்கத்தில் இல்லை. மற்றவர்கள் பலருடைய பெயர்கூட என்னிடம் கிடையாது. நான் விற்ற தட்டுகளை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது: விற்கும்போது உறையின் பின்பக்கம் வலது மேல் மூலையில் பென்சிலால் தரம் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருப்பேன். அப்படி ஒரு தட்டு உங்கள் வீட்டில் இருந்தால், கடைசிப் பாட்டை ஒரு முறை ஓட்டிக் கேளுங்கள். கிழிந்தால் உங்கள் ஊசியை மாற்ற வேண்டாம். தட்டை என்னிடம் கொண்டு வாருங்கள், வாங்கிய விலையைத் தருகிறேன். ரசீது தேவையில்லை.